ஒரு பசு, பத்துக் கோழி, மூன்று மா நிலம்: டெல்டா வீட்டில் வேலை எவ்வளவு?

திருப்பூரில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். திருத்துறைப்பூண்டிப் பக்கம் பூர்வீக ஓட்டு வீடு, நல்ல கொல்லை, மூன்று மா நிலம், அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர். அங்கே இப்போது அம்மா மட்டும் இருக்கிறார். கம்ப்யூட்டர் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கக் கம்பெனி சம்மதித்துவிட்டது. அதனால் மனைவியையும் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஊருக்கே வந்துவிடலாமா என்று யோசிக்கிறார். ஒரு பசு, பத்துக் கோழி, சாப்பாட்டுக்குச் சொந்த நெல், கொல்லையில் காய்கறி. இதற்கெல்லாம் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்பது அவர் கேள்வி.

கூட்டிப் பார்த்தால் நாலைந்து மணி நேரம்தான், தம்பி. ஆனால் அந்தக் கணக்கை நம்பி வராதீர்கள். அது ஒரே மூச்சாக வருகிற நாலைந்து மணி நேரம் இல்லை. விடியற்காலையில் ஒன்றரை மணி, பிள்ளைகள் போன பிறகு அரை மணி, மத்தியானம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கால் மணி, மூன்று மணிக்குப் பால் கறவை, பொழுது சாயும்போது மறுபடி ஒரு மணி என்று நாள் முழுக்கச் சிதறிக் கிடக்கும். நடுவில் தூறல் போட்டால் காயப்போட்டதை அள்ள ஓட வேண்டும். வேலை எவ்வளவு என்பதைவிட, வீட்டில் எப்போதும் ஓர் ஆள் இருந்தாக வேண்டும் என்பதுதான் பெரிய விஷயம். அந்த ஆள் யார்? நீங்கள் பத்து மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவீர்கள். அம்மாவுக்கு வயசாகிவிட்டது. மிச்சம் இருப்பது உங்கள் மனைவி. அவருக்கு இதில் விருப்பமா, மாடு பழக்கமா என்று உங்கள் கேள்வியில் ஒரு வரிகூட இல்லை. முதலில் அதைப் பேசி முடியுங்கள். நான் எழுதுவதை இரண்டு பேரும் சேர்ந்து படித்தால் நல்லது.

எல்லாரும் பயப்படுவது வயலுக்கு. உள்ளதைச் சொன்னால், உங்களை ரொம்பக் கட்டிப்போடாதது வயல்தான். உழவுக்கு டிராக்டர், அறுப்புக்கு மிஷின். நடவுக்கு ஊர்ப் பெண்கள் கிடைத்தால் அவர்கள், இல்லையென்றால் மேற்கு வங்கத்திலிருந்து வரும் நடவுக் குழுக்கள். கையில் காசு இருந்தால் மூன்று மாவில் நீங்கள் சேற்றில் இறங்காமலே சாகுபடி செய்துவிடலாம். மற்றவர்கள் செய்ய முடியாதது ஒன்றுதான்: தண்ணீர் பார்ப்பது. காலையில் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய் மடையைப் பார்த்து, நண்டு வளை போட்டுத் தண்ணீர் ஒழுகும் வரப்பை மிதித்து அடைத்து, எலி வெட்டு இருக்கிறதா என்று ஒரு சுற்று வந்தால் முக்கால் மணி. எலி வெட்டு தெரிந்தால் அன்றைக்கே கிட்டி வைக்க ஆளுக்குச் சொல்லிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் கதிர் வந்த பிறகு அழுவீர்கள். முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில் உங்கள் முறை ராத்திரி இரண்டு மணிக்கு வந்தாலும் போய் நிற்க வேண்டும். மறுநாள் காலை மீட்டிங் இருக்கிறது என்று வாய்க்காலிடம் சொல்ல முடியாது.

உங்கள் ஊர் கடைமடை, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம் என்றாலும், அந்தத் தேதி ஒவ்வொரு வருஷமும் அப்படியே நடப்பதில்லை. 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை இழுத்தது. திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் மறுபடி பாமணியாறு, கோரையாறு என்று பிரிந்து உங்கள் வயலுக்குப் போகும் கண்ணி வாய்க்காலுக்கு எட்டும்போது, மேலே உள்ளவர்கள் நாற்றே விட்டிருப்பார்கள். அதனால் ஜூன் வாக்கில் தொடங்கும் குறுகிய காலப் பயிரான குறுவைக்கு ஆசை வேண்டாம். போர்வெல் வைத்திருக்கிறவர்கள் செய்யட்டும். மழைக்காலத்தில் நிற்கும் நீண்ட காலப் பயிரான சம்பா ஒன்று, அதன் பின்னால் உளுந்து, அது போதும்.

என்ன நெல் போடுவது என்று கேட்பீர்கள். சி.ஆர். 1009 தண்ணீர் நின்றாலும் தாங்கும், குண்டு அரிசி, இட்லிக்கு அருமை; ஆனால் ஐந்து மாசத்துக்கு மேல் வயலில் நிற்கும். சன்னமாகச் சாப்பிடப் பழகியவர்கள் என்றால் பி.பி.டி. 5204. பழைய ரகம் வேண்டுமென்றால் உங்கள் ஊர்ப்பக்கம்தான் ஆதிரெங்கம். பழைய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்துப் பரப்பிய நெல் ஜெயராமன் தொடங்கிய நெல் திருவிழா பெயர் பெற்றதே அங்கேதான். இரண்டு கிலோ விதை நெல் வாங்கினால் அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது அவர் வைத்த ஏற்பாடு. 2018-ல் அவர் காலமானார்; பரப்பிய ரகங்கள் வயல்களில் இருக்கின்றன. தூயமல்லியோ சீரகச் சம்பாவோ அரை மா போட்டுப் பாருங்கள். எல்லா நிலத்திலும் முதல் வருஷமே போடாதீர்கள். நெட்டையாக வளர்ந்து கார்த்திகைக் காற்றில் சாய்ந்தால் மனசு விட்டுப்போகும்.

இப்போது சாப்பாட்டுக் கணக்கு. ஐந்து பேர், இட்லி தோசை எல்லாம் சேர்த்து நாளைக்கு ஒன்றேகால் கிலோ அரிசி என்று வைத்தால் வருஷத்துக்குச் சுமார் 450 கிலோ. நூறு கிலோ நெல்லுக்கு 65 கிலோ அரிசி கண்டால் நல்லது. ஆக 700 கிலோ நெல், அதாவது அறுபது கிலோ மூட்டையாகப் பன்னிரண்டு மூட்டை வீட்டுக்கு. சுமாரான விளைச்சலில் மாவுக்குப் பத்துப் பதினொன்று வரும். மிச்சம் இருபது மூட்டை அரசு நெல் கொள்முதல் நிலையத்துக்கு. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் சாதாரணமாக எடுக்க மாட்டார்கள். உங்கள் முறை வரும்வரை குவியலைத் தார்ப்பாயால் மூடிவைத்து ராத்திரி காவலுக்குப் படுக்கவேண்டி வரும். அது சில ராத்திரியாகவும் இருக்கலாம். லீவு மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வைத்த பன்னிரண்டு மூட்டைதான் உண்மையான குடும்ப வேலை. அதை நெல்லாக வைத்துக்கொண்டு அவ்வப்போது அவித்து அரைப்பதுதான் எங்கள் பக்கத்து முறை. முதல் நாள் சாயங்காலம் அண்டாவில் நெல்லைக் கொட்டித் தண்ணீர் விட்டு, கை பொறுக்கிற சூடு வந்ததும் தீயை இழுத்துவிட்டு மூடிவைப்போம். மறுநாள் விடிவதற்கு முன்னால் அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு, அடியில் கொஞ்சம் புதுத் தண்ணீர் விட்டு, மேலே ஈரச்சாக்கைப் போட்டு ஆவியில் அவிக்க வேண்டும். அடுப்புக்குத் தென்னை மட்டை, பாளை, உமி. மேல் நெல்லில் வாய் பிளந்து தெரிந்தால் இறக்கிவிடலாம். ஒரு மூட்டைக்கு இரண்டு மூன்று ஈடு ஆகும். சூட்டோடு அள்ளிக் களத்தில் பரப்பி, அரை மணிக்கு ஒரு தரம் காலால் துழாவிவிட வேண்டும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. கோழி விரட்டுவதும் அவர்கள் பொறுப்பு.

இதில் சூட்சுமம் காயவைப்பதில்தான் இருக்கிறது. ஒரே வெயிலில் மொறுமொறுவென்று காயவிட்டால் மில்லில் பாதி நொய்யாக வந்து விழும். பாதி காய்ந்ததும் குவித்து, நிழலில் ஆறவிட்டு, மறுபடி பரப்பிச் சாயங்கால வெயிலில் முடிக்க வேண்டும். பல்லில் வைத்துக் கடித்தால் நசுங்காமல் நறுக்கென்று உடைய வேண்டும், அதுதான் பதம். எந்த மீட்டரும் வேண்டாம், அம்மாவிடம் ஒரு நெல்லைக் கொடுங்கள், கடித்துப் பார்த்துச் சொல்லிவிடுவார். மில்லுக்குப் போனால் அரிசி, நொய், தவிடு, உமி என்று நாலாகத் திரும்பும். நொய் கஞ்சிக்கும் கோழிக்குஞ்சுக்கும். தவிடு மாட்டுக்கு. உமி அடுத்த தரம் அவிக்க. அந்தச் சாம்பல் பாத்திரம் துலக்க, மிச்சம் கொல்லையில் கத்தரிச் செடிக்கு. இத்தனையும் செய்ய ஒரு மூட்டைக்கு முழுசாக ஒன்றரை நாள் போகும். இப்போது பல மில்களில் அவித்துக் காயவைத்து அரைத்தே தருகிறார்கள். முதல் வருஷம் அங்கேயே கொடுத்துவிடுங்கள், அதில் ஒன்றும் கௌரவக் குறைவு இல்லை. அம்மா முணுமுணுப்பார். தவிடு மட்டும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து மாடு. உங்களைக் கட்டிப்போடப் போவது இதுதான். காலை ஐந்து மணிக்கு முன்னால் எழுந்து சாணி அள்ளி, தரை கழுவி, கழுநீரில் தவிடும் புண்ணாக்கும் கலந்து வைத்து, ஐந்தரைக்குக் கறந்து, பால் சங்கத்துக்கு ஊற்ற வேண்டுமானால் அதற்குள் கொண்டுபோக வேண்டும். அவர்கள் நேரம் உங்களுக்காக நிற்காது. மத்தியானம் மூன்றுக்கு மறுபடி. ஒரு நாள் கறக்காமல் விட்டால் மடி கனத்து மடிநோய் வந்துவிடலாம். நாளைக்கு ஐந்தாறு கிலோ வைக்கோல், பதினைந்து இருபது கிலோ பச்சை, குறைந்தது நாற்பது ஐம்பது லிட்டர் தண்ணீர். வாய்க்கால் ஓரத்தில் கோ-4 புல்லை நாலு வரிசை ஊன்றிவிட்டால் முதல் அறுப்பு எழுபத்தைந்து எண்பது நாளில், அப்புறம் ஒன்றரை மாசத்துக்கு ஒரு தரம். வேலியில் அகத்தி போடுங்கள். மூன்று மா வைக்கோல் ஒரு மாட்டுக்கு இழுத்துப் பிடித்து ஒரு வருஷம் வரும். மிஷின் அறுத்த வைக்கோல் நொறுங்கி வருவதால் கையால் அறுத்ததைப் போல மாடு ஆசையாகத் தின்பதில்லை, கொஞ்சம் வீணாகும்.

பால் விற்கிற எண்ணம் இல்லை, வீட்டுக்கு மட்டும் என்றால் கலப்பின ஜெர்சியை விடுங்கள். உங்கள் பக்கத்து நாட்டு மாடான உம்பளச்சேரி போதும். இரண்டு லிட்டருக்கு மேல் எதிர்பார்க்க முடியாது, கன்று ஊட்டவிடாமல் கறக்கவும் விடாது, கொஞ்சம் துள்ளல் ஜாதி. ஆனால் சேற்றையும் மழையையும் வெறும் வைக்கோலையும் அதுபோலத் தாங்குகிற மாடு கிடையாது. இதில் என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் ஒத்துப்போவதில்லை. அவர் பத்து லிட்டர் மாடு என்பார். பத்து லிட்டர் மாட்டுக்கு டாக்டர் செலவும் பத்து லிட்டர்தான்.

சினைக்கு வரும் நாளைப் பார்த்துப் பிடிப்பது தனி வேலை. இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை. காலையில் கத்தினால் அன்று சாயங்காலம் சினை ஊசி, சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை. தவறினால் மூன்று வாரம் தீனி தண்டம். அப்புறம், பொழுது சாயும்போது மூட்டம் போடுவது. ஈரவைக்கோலோடு வேப்பிலை, நொச்சி இலை வைத்துப் புகையவிட்டால்தான் கொசுக்கடியில் மாடு நின்று இளைப்பாறும். ஐப்பசி, கார்த்திகையில் இதை ஒரு நாளும் விட முடியாது. மழையில் காய்ந்த வைக்கோல் கிடைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதனால் வைக்கோல் போரை மேட்டில் போட்டு மேலே தார்ப்பாய் கட்டுங்கள்.

கோழிக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் திறந்துவிட்டு, சாயங்காலம் எண்ணி அடைத்தால் போதும். இருபத்தொரு நாளில் குஞ்சு வரும். பஞ்சாரத்தில் போட்டுக் காக்கையிடமிருந்தும் கீரியிடமிருந்தும் காப்பாற்ற வேண்டும். வெயில் ஏறுவதற்குள் கழிச்சல் நோய்க்குத் தடுப்பூசி போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் கூடு காலி. முட்டை எடுப்பதையும் கோழி அடைப்பதையும் பிள்ளைகளிடம் கொடுத்துவிடலாம்.

கொல்லையில் இரண்டு வாழைக் கட்டை, ஒரு முருங்கை, பறங்கிக்கொடி, கீரைப்பாத்தி. பாத்திரம் கழுவுகிற தண்ணீர் வாழைக்குப் போகும்படி வழி வெட்டுங்கள். காய்கறி முழுக்கச் சொந்தமாக விளையும் என்று எண்ண வேண்டாம். மழைக்காலத்தில் கீரைகூட அழுகிவிடும், சந்தைக்குத்தான் போவீர்கள். தென்னை புதிதாக வைப்பதானால் ஓட்டுக்குத் தள்ளி வையுங்கள். 2018 நவம்பரில் கஜா புயலில் எத்தனை ஓடு மரம் விழுந்து போனது என்று அம்மாவைக் கேட்டால் தெரியும்.

பெண்கள் வேலை என்று தனியாக ஒன்று இருக்கிறது, யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. வாசல் தெளித்துக் கோலம் போடுவதும் சமையலும் போக, சித்திரை வெயிலில் கூழ் வடகம், மோர்மிளகாய், புளி கொட்டை எடுத்து அடைப்பது. பங்குனியில் உளுந்து வந்தால் அடித்து, தூற்றி, புடைத்து, வண்டு பிடிக்காமல் சாம்பலோ செம்மண்ணோ பூசிக் காயவைத்து வைப்பது. உளுந்தைச் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நிற்கிற பயிருக்குள்ளேயே ஈர மண்ணில் தெளித்துவிடுவது பழைய வழக்கம்; அது மிச்ச ஈரத்திலும் பனியிலும் வளர்ந்துவிடும். இப்போது அறுப்பு மிஷின் முளையை மிதித்து நசுக்கிவிடுகிறது, அதனால் பலர் விட்டுவிட்டார்கள். நீங்கள் ஒரு மாவையாவது ஆள் வைத்து அறுத்து உளுந்து எடுங்கள். வருஷத்து இட்லி மாவுக்குக் காணும்.

இதையெல்லாம் உங்கள் மனைவி தலையில் போடக் கூடாது என்றால், வருமுன்பே எழுதிப் பிரித்துக்கொள்ளுங்கள். காலைக் கறவையும் சாணியும் உங்களுடையது. பத்து மணிக்கு முன்னால் முடிந்துவிடும், கம்ப்யூட்டர் வேலைக்கு இடைஞ்சல் இல்லை. மூன்று மணிக் கறவைக்கு நீங்கள் எழுந்துவர முடியாது என்றால், மாட்டையே விட்டுவிடுங்கள். அக்கம்பக்கத்தில் பால் வாங்கிக்கொள்வது கேவலமில்லை. எங்கள் தெருவில் திரும்பி வந்த இரண்டு குடும்பங்களில் மாடு வாங்காத குடும்பம்தான் இன்னும் நிம்மதியாக இருக்கிறது.

வெளியூர்க் கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்றால் மாட்டைப் பார்க்க ஆள் வேண்டும். அது காசுக்குக் கிடைக்காது, முறைக்குத்தான் கிடைக்கும். பக்கத்து வீட்டுச் சித்தி உங்கள் மாட்டைக் கறந்து கொடுத்தால், அவர்கள் வீட்டுக் களத்தில் மழை வரும்போது நீங்கள் கூப்பிடாமலே ஓட வேண்டும். தெருவில் ஒரு சாவு விழுந்தால் அன்றைக்கு உங்கள் கம்ப்யூட்டருக்கும் லீவுதான். பட்டணத்துப் பழக்கத்தில் 'நமக்கென்ன' என்று இருந்தால் ஆறு மாசத்தில் தனியாகிவிடுவீர்கள்.

இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஒன்று, தண்ணீர். பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியாது என்றால் வாய்க்காலில் தண்ணீர் வருவதற்குள், கோடை லீவிலேயே, பெரியவர் ஒருவரை வைத்துக் குளத்தில் பழக்கிவிடுங்கள். இன்னொன்று, பாம்பு. மழைக்காலத்தில் வயல் முழுகினால் அது மேட்டைத் தேடி வீட்டுக்குள் வரும். கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடித்த இடம் வலிக்காமலே போகலாம். கட்டிலில் படுங்கள், கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகுங்கள், கொல்லைக்குப் போக டார்ச் எடுங்கள். சந்தேகம் வந்தாலே மந்திரிக்க நேரம் போக்காமல் நேரே அரசு ஆஸ்பத்திரி. திருவாரூரில் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

எப்போது வருவது? நீங்கள் மட்டும் மாசி, பங்குனியில் ஒரு மாசம் வந்து தங்குங்கள். அறுப்பு முடிந்து வாய்க்கால் காய்ந்து கிடக்கும். ஓடு மாற்ற, கொட்டகைத் தரையை மேடாக்க, கழிவறைத் தொட்டியைப் பார்க்க அதுதான் நேரம். அந்த ஒரு மாசம் இன்டர்நெட் எப்படி வருகிறது, கரண்ட் எப்போதெல்லாம் போகிறது என்பதும் தெரிந்துவிடும். மே மாசம் குடும்பத்தைக் கூட்டி வந்தால் ஜூனில் பள்ளிக்கூடம். விறகு, மட்டை, வறட்டி எல்லாம் ஆவணிக்குள் உள்ளே அடுக்கிவிட வேண்டும். மாடு வாங்குவதைச் சொந்த வைக்கோல் வந்த பிறகு, அடுத்த தை கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். வாங்கும்போது இரண்டாம் ஈத்து மாடாகப் பாருங்கள். விற்கிறவர் சொல்லும் லிட்டரை விட்டுவிட்டு, ஒரு சாயங்காலமும் மறுநாள் காலையும் பக்கத்தில் நின்று, நாலு காம்பிலும் உங்கள் மனைவியே கறந்து பார்த்த பிறகு காசு கொடுங்கள்.